ரோசன்பெர்க் யாருடைய பெயர்?

மார்ச் 3, மாலை (வாசகர் கேள்வி)

நியூரம்பெர்க் விசாரணைக்குப் பின் தூக்கிலிடப்பட்ட நாஜித் தலைவர்களின் பட்டியலில் ஆல்ஃபிரட் ரோசன்பெர்க் என்ற பெயரைப் பார்த்துத் திகைத்தேன். ரோசன்பெர்க் என்பது யூதக் குடும்பப்பெயர் அல்லவா? அணுகுண்டு இரகசியங்களைச் சோவியத்துக்குக் கொடுத்ததாக அமெரிக்காவில் 1953-இல் மின்நாற்காலிக்கு அனுப்பப்பட்ட ஜூலியஸ், எத்தெல் தம்பதியரும் ரோசன்பெர்க்தானே, அவர்கள் யூதர்கள்தானே? அப்படியானால் அந்த நாஜி யூதரா, அல்லது யூதர்கள் ஜெர்மானியப் பெயரை எடுத்துக்கொண்டார்களா?

மார்ச் 3, இரவு 10.15

ஆல்ஃபிரட் ரோசன்பெர்க் யூதர் அல்லர். 1893 ஜனவரி 12 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த ரேவல் நகரில், அதாவது இன்றைய எஸ்தோனியத் தலைநகர் தாலினில், ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். உங்களுக்கு எழுந்த இதே ஐயம் அவர் காலத்திலேயே பலருக்கு எழுந்தது. யூத வெறுப்பையே தத்துவமாக எழுதிய ஒருவர் தம் பெயருக்காக வாழ்நாள் முழுவதும் ஏளனத்தைச் சுமந்தார் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

ரோசன்பெர்க் என்ற சொல்லில் யூதர்க்கே உரியது என்று எதுவும் கிடையாது. ரோசன் என்றால் ரோஜாக்கள், பெர்க் என்றால் மலை அல்லது குன்று. அது முதலில் ஊர்ப்பெயர். மேல் சிலேசியாவில் ஒரு ரோசன்பெர்க் இருந்தது, இன்று அது போலந்தின் ஓலெஸ்னோ. மேற்குப் பிரஷ்யாவில் இருந்த ரோசன்பெர்க் இன்று சூஷ். சுலோவாக்கியாவின் ருஜொம்பெரொக் என்ற பெயரும் ஜெர்மானியக் குடியேறிகள் வைத்த ரோசன்பெர்க்கின் திரிபுதான். பவேரியாவில் 1934-இல் சுல்ஸ்பாக் நகருடன் இணைக்கப்பட்ட ரோசன்பெர்க் ஒன்று உண்டு. பாடன் பகுதியிலும் வூர்ட்டம்பெர்க் பகுதியிலும் தனித்தனியே ஒவ்வொன்று உண்டு. நம் பக்கத்தில் எத்தனை புதுப்பட்டிகள் இருக்கின்றனவோ அந்த வகையைச் சேர்ந்தது இது.

ஊர்ப்பெயர் குடும்பப்பெயராக மாறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரோசன்பெர்க்கிலேயே வசிப்பவனை ரோசன்பெர்க் என்று அழைத்துப் பயனில்லை, ஏனெனில் அங்கே எல்லாரும் ரோசன்பெர்க்கார். ஊரைவிட்டு வெளியேறி வேறிடத்தில் போய் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். தென்பகுதி ஜெர்மனில் 'ஊர்க்காரர்' என்ற பொருளில் 'அர்' விகுதி சேர்ந்து ரோசன்பெர்கர் என்றாகிவிடுவது வழக்கம். வடக்கிலும் கிழக்கிலும் மொட்டையாக ரோசன்பெர்க் என்றே நின்றுவிடும்.

ஆகவே பதில் எளிது: ஜெர்மானியப் பெயர், அதை யூதர்களும் ஏற்றார்கள். எப்படி ஏற்றார்கள் என்பதை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 4, இரவு 11.00

நேற்று 'பதில் எளிது' என்று எழுதியதை இன்று காலையிலிருந்தே திரும்பப் பெற்றுக்கொள்ளும் மனநிலையில் இருக்கிறேன், ஆயினும் தொடங்கியதை முடிக்கிறேன்.

18ஆம் நூற்றாண்டின் முடிவு வரை மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப்பெயர் கிடையாது. இன்னார் மகன் இன்னார் என்பதே வழக்கம். மெண்டலின் மகன் மோசஸ், மோசஸின் மகன் ஆபிரகாம், ஆபிரகாமின் மகன் மீண்டும் மெண்டல். பிராங்க்பர்ட், பிராக் போன்ற பழைய நகரங்களில் மட்டும் சில குடும்பங்களுக்கு நிலைத்த பெயர்கள் இருந்தன. 1462-இல் அமைக்கப்பட்ட பிராங்க்பர்ட் யூதர் தெருவில் வீடுகளுக்கு எண்கள் கிடையாது, அடையாளப் பலகைகளே உண்டு. சிவப்புக் கேடயம் தொங்கிய வீட்டிலிருந்து ரோத்ஷில்ட் வந்தது, கழுகு வீட்டிலிருந்து ஆட்லர், கப்பல் வீட்டிலிருந்து ஷிஃப்.

அரசுகளுக்கு இந்த இன்னார் மகன் முறை ஒத்துவரவில்லை, ஏனெனில் வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் கடன் வழக்கை விசாரிக்கவும் ஓர் ஆளைத் தாளில் பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஆஸ்திரியாவை மையமாகக் கொண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசின் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1787-இல், தம் ஆட்சிக்குட்பட்ட யூதர் அனைவரும் நிலையான ஜெர்மன் குடும்பப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். நெப்போலியனின் ஆணை 1808 ஜூலை 20-இல் வந்தது. பிரஷ்யாவில் 1812 மார்ச் 11-இன் ஆணை, குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் குடும்பப்பெயரை அறிவித்துவிட வேண்டும் என்றது. பவேரியா 1813, ரஷ்யாவின் ஆளுகையில் இருந்த போலந்து 1821, வூர்ட்டம்பெர்க் 1828, சாக்சனி 1834. இரண்டு தலைமுறைக் காலத்துக்குள், பால்டிக் கரையிலிருந்து கார்பாத்திய மலை வரை, ஒரு பெருங்கூட்டமே பெயர்ப் பதிவுக்காக வரிசையில் நின்றது.

ரோசன்பெர்க், ரோசன்தால், கோல்ட்ஸ்டைன் போன்ற அழகிய பெயர்களைப் பணக்காரர்கள் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள், கொடுக்க வழியில்லாதவர்களுக்கு இழிவான பெயர்கள் விழுந்தன என்று எப்போதோ படித்த நினைவு. அதுவும் இந்தக் கதையில் ஒரு பகுதி.

மார்ச் 5, காலை 7.20

ஒரு வேடிக்கை, தூங்கி எழுந்ததும் தோன்றியது. அக்காலத்தில் பதிவேட்டில் ஏறிய பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சட்டிகளிலிருந்து எடுத்துக் கோக்கப்பட்டவை போல இருக்கும். முதல் சட்டியில் கோல்ட் (பொன்), சில்பர் (வெள்ளி), ரோசன் (ரோஜா), க்ரூன் (பச்சை), லோவன் (சிங்கம்), வைஸ் (வெள்ளை); இரண்டாவதில் பெர்க் (மலை), ஸ்டைன் (கல்), ஃபெல்ட் (வயல்), பௌம் (மரம்), பிளாட் (இலை), தால் (பள்ளத்தாக்கு). ஆறுக்கு ஆறு முப்பத்தாறு பெயர்கள், ஒரு சிற்றூருக்குப் போதும்.

மலையில் முடிபவற்றைத் தமிழாக்கிப் பார்த்தேன். கோல்ட்பெர்க் பொன்மலை, சில்பர்பெர்க் வெள்ளிமலை, க்ரூன்பெர்க் பச்சைமலை. திருச்சியில் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருப்பது போன்ற உணர்வு வந்துவிட்டது. ரோசன்பெர்க்குக்கு மட்டும் நம்மிடம் ஊர் அகப்படவில்லை.

மார்ச் 5, இரவு 9.30

லஞ்சக் கதையைத் திரும்பப் பெறுகிறேன். ஹாப்ஸ்பர்க் பேரரசின் கிழக்குப் பகுதியான கலீசியாவைச் சேர்ந்த எழுத்தாளர் கார்ல் எமில் ஃபிரான்ட்ஸோஸ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியவற்றால் பரவிய செய்தி இது. ஆணை வந்து ஏறக்குறைய நூறாண்டு கழித்துக் கேட்ட கதைகளைத் தொகுத்துச் சுவையாக எழுதினார், அடுத்து வந்தவர்கள் அதையே சான்றாக்கினார்கள். அதிகாரிகள் அடாவடி செய்த இடங்கள் உண்டு, இழிபெயர்களும் உண்டு. ஆனால் யூதக் குடும்பப்பெயர்களை மாவட்ட வாரியாகத் தொகுத்து அகராதிகள் உருவாக்கிய அலெக்சாண்டர் பைடரின் உழைப்புக்குப் பின் தெரியவருவது, இழிபெயர்கள் மிகச் சிறிய பங்கு என்பதும், ரோசன் வகை அலங்காரப் பெயர்கள் ஏழை பணக்காரர் வேறுபாடின்றி எங்கும் கிடந்தன என்பதுமே. கொஞ்சம் யோசித்தாலே விளங்கும்: ரோசன்பெர்க் விலையுயர்ந்த பெயராக இருந்திருந்தால் அது அபூர்வமான பெயராக இருந்திருக்க வேண்டும், ஆனால் அதுவோ ஊருக்கு ஊர் மலிந்து கிடக்கிறது.

எனக்கு அந்தக் கதை பிடித்திருந்ததற்குக் காரணம், நம் அலுவலகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லஞ்சம் என்றால் உடனே நம்பிக்கை வந்துவிடுகிறது என்பதாக இருக்கலாம்.

மார்ச் 7

முதற்குறிப்பையும் திருத்த வேண்டியிருக்கிறது. ஊர்ப்பெயரை யூதர்களும் ஏற்றார்கள் என்று பொதுவாக எழுதிவிட்டேன். 1787 ஆணையின் வாசகத்தைத் தேடிப் படித்தபோது, அதில் ஊர்ப்பெயர் வழக்கம் அறவே ஒழிய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருப்பதைக் கண்டேன். ஷௌலெம் டோப்லிட்ஸ், யோஹெம் கொலின் என்று இரண்டு எடுத்துக்காட்டுகளையும் தந்திருக்கிறார்கள்; டோப்லிட்ஸும் கொலினும் இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவின் ஊர்கள். ஓர் ஊரில் தங்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அரசுக்கு வேண்டாம், எபிரேயப் பெயரும் வேண்டாம். நெப்போலியன் ஆணையும் நகரப் பெயர்களையும் பழைய ஏற்பாட்டுப் பெயர்களையும் குடும்பப்பெயராக ஏற்க மறுத்தது.

இது நான் நினைத்ததைத் தலைகீழாக்கிவிடுகிறது. கலீசியாவிலோ அதன் அண்டைப் பகுதியான புக்கொவினாவிலோ பெயர் பெற்ற ஒரு ரோசன்பெர்க் குடும்பம், ரோசன்பெர்க் என்ற எந்த ஊரையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. அங்கே அது ரோஜாக் குன்று என்ற வெறும் சொற்கோவை, ரோசன்தால் ரோஜாப் பள்ளத்தாக்கு என்பதைப் போல. ஆனால் பிரஷ்யாவில் 1812-இல் அத்தகைய தடை இல்லாததால், சிலேசிய யூதர் ஒருவர் தம் ஊரை நினைத்தே ரோசன்பெர்க் என்று எழுதிக் கொடுத்திருக்க முடியும். ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே மதம், ஆயினும் பிறந்த வழி வேறு. இரண்டு யூத ரோசன்பெர்க்குகள் சந்தித்தால் அவர்கள் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எள்ளளவும் இல்லை.

ரோசன் என்ற பகுதிக்கு இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். ரேய்சல் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இட்டிஷில் மிகப் பரவலான பெண்பெயர், சின்ன ரோஜா என்று பொருள். தாயின் பெயரையோ பாட்டியின் பெயரையோ மனத்தில் வைத்துக்கொண்டு, வெளிக்கு அழகிய ஜெர்மன் சொல்லாகத் தெரியும்படி ரோசன் வகைப் பெயரைத் தேர்ந்த குடும்பங்கள் இருந்திருக்கலாம். தனித்தனிக் குடும்பத்தின் ஆவணம் கையில் இருந்தாலொழிய இதை உறுதிசெய்ய இயலாது, ஆனால் எனக்கு இந்த எண்ணம் பிடித்திருக்கிறது. (லஞ்சக் கதையும் பிடித்திருந்தது என்பதை மறக்கவில்லை.)

மார்ச் 8

நேற்று எழுதியதன் தொடர்ச்சி, மிக முக்கியமானது. கலீசிய யூதர்களில் ஏராளமானோர் சமயச் சடங்குப்படி மட்டுமே திருமணம் செய்துகொண்டு, கட்டணத்துக்கும் கெடுபிடிக்கும் அஞ்சி அரசிடம் பதிவு செய்யாமல் விட்டார்கள். அரசின் கண்ணில் அந்தப் பிள்ளைகள் தகப்பனற்றவர்கள், ஆகவே பதிவேட்டில் தாயின் குடும்பப்பெயரே விழுந்தது. தகப்பன் வைஸ்மன், தாய் ரோசன்பெர்க் என்றால் பிள்ளை ரோசன்பெர்க். வம்சத்தை அடையாளம் காண்பதற்காகவே அரசு பெயரைத் திணித்தது. மக்கள் தங்கள் வழக்கத்தை விடாமல் வைத்துக்கொண்டதால் அந்தப் பெயர் வம்சத்தைக் காட்டாமலே போனது.

மார்ச் 10

'எல்லிஸ் தீவில் அமெரிக்க அதிகாரிகள் பெயரை வெட்டிவிட்டார்களாமே, ரோசன்பெர்க்குகள் ரோசனாகவும் ரோஸாகவும் ஆனது அங்கேதானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் கையில் இருந்தது கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த பயணிகள் பட்டியல். வந்தவரை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. பெயரைச் சுருக்கியவர்கள் பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்து, கடைப் பலகைக்காகவோ வேலைக்காகவோ, தாங்களே சுருக்கினார்கள்.

ஜெர்மன் வாடையைக் கழுவியவர்கள் யூதர்கள் மட்டும் அல்லர். 1917-இல், முதல் உலகப் போரின் நடுவில், இங்கிலாந்து அரச குடும்பத்தின் உறவினரான பாட்டன்பெர்க்குகள் பெர்க்கை மொழிபெயர்த்து முன்னால் வைத்து மவுண்ட்பேட்டன் ஆனார்கள். நம் கடைசி வைஸ்ராயின் பெயரிலும் ஒரு பெர்க் ஒளிந்திருக்கிறது.

இஸ்ரேலுக்குப் போனவர்கள் எபிரேயத்துக்கு மாறினார்கள். அந்நாட்டின் முதல் சட்ட அமைச்சர் பின்காஸ் ரோசன், பெர்லினில் பிறந்தபோது ஃபெலிக்ஸ் ரோசன்புளூத். ஹங்கேரியில் மாக்யார் மொழிக்கு மாறினார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் மாத்யாஷ் ராக்கோஷி பிறந்தபோது ரோசன்ஃபெல்ட். ரோஜா எல்லா இடத்திலும் முதலில் உதிர்ந்தது என்று எழுத நினைத்தேன், ஆனால் ரோசன் அதை வைத்துக்கொண்டாரே.

மார்ச் 11, நள்ளிரவு

சொந்தக் கதை ஒன்று. நான் பிராங்க்பர்ட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஓர் அலுவலகத்தில் படிவம் ஒன்றை நீட்டினார்கள். குடும்பப்பெயர் என்ற கட்டம் முதலாவதாக இருந்தது, அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. என் பெயருக்கு முன் ஓர் எழுத்து உண்டு, அது என் தந்தையின் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் கடவுச்சீட்டைப் புரட்டி, தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினார். அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் என் தந்தையின் பெயருக்கே வருகின்றன. அவர் ஜெர்மனியைப் பார்த்ததே இல்லை. இப்போது என் மகளுக்கும் அதுவே குடும்பப்பெயர். நம் வழக்கப்படி அவளுடைய தலைப்பெழுத்து என் பெயரிலிருந்து வந்திருக்க வேண்டும், ஆனால் ஒரு படிவம் தாத்தாவிடமே அதை நிறுத்திவிட்டது.

இதைப் படிப்போர்க்கு இது தொடர்பற்றதாகத் தோன்றினால், மெண்டல்சோன் என்ற பெயரைப் பாருங்கள். அது மெண்டலின் மகன் என்றே பொருள்படும். மெண்டலின் மகனான மோசஸுக்கு அது உண்மை. பேரனான இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ், ஆபிரகாமின் மகன், ஆனாலும் மெண்டல்சோன். எந்தத் தலைமுறையில் பெயர் குடும்பப்பெயராக நிலைத்ததோ அந்தத் தலைமுறையிலேயே அது உறைந்துபோகும். தொழுகைக் கூடத்தில் வேதம் வாசிக்க அழைக்கும்போதும் கல்லறைக் கல்லில் பொறிக்கும்போதும் யூதர்கள் இன்றுவரை பழைய இன்னார் மகன் முறையையே பயன்படுத்துகிறார்கள். ரோசன்பெர்க் என்பது அரசுக்காக வைத்துக்கொண்ட பெயர். எனக்கு அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெயரைப் போல.

மார்ச் 14

ஒரு வாசகர் ஒரே வரியில் என் வாயை அடைத்துவிட்டார்: 'மரியான் ரோசன்பெர்க் எந்தக் கணக்கில் வருகிறார்?'

வெட்கமாக இருக்கிறது. ஜெர்மன் வானொலியில் எழுபதுகளின் பாடல்கள் ஒலிக்கும் எந்த மாலையிலும் தப்பாத குரல் அவருடையது. பெர்லினில் 1955-இல் பிறந்தவர், ஜெர்மானியர், யூதர் என்று நான் பிரித்துவந்த இரண்டு வகையிலும் அடங்காதவர். அவருடைய தந்தை ஓட்டோ ரோசன்பெர்க் சிந்தி இனத்தவர். (சிந்து மாநிலத்துச் சிந்தியரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; ரோமா மக்களின் கிளையாகப் பல நூற்றாண்டுகளாக ஜெர்மன் நிலப்பரப்பில் வாழ்பவர்கள்.) 1936 ஒலிம்பிக் போட்டிக்குச் சில வாரங்கள் முன், நகரம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக, பெர்லின் சிந்தி, ரோமா குடும்பங்களைப் பிடித்து மார்த்சான் என்ற புறநகர் முகாமில் அடைத்தார்கள். அப்போது ஓட்டோவுக்கு ஒன்பது வயது. பின்னர் ஆஷ்விட்ஸ். உயிர் பிழைத்து வந்து, 2001-இல் இறக்கும்வரை தம் மக்களின் உரிமைக்காக உழைத்தார். நெதர்லாந்தில் ஜாஸ் கிதார் வாசிக்கும் ஸ்டோகெலோ ரோசன்பெர்க்கும் சிந்தி குடும்பத்தவரே.

ஆக, இந்த இழை முழுவதும் 'ஜெர்மானியரா, யூதரா' என்று இரண்டே கட்டங்களை வைத்துக்கொண்டு எழுதி வந்திருக்கிறேன். கேள்வியே அப்படி வந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. எனக்கும் இரண்டு கட்டங்கள்தான் தெரிந்தன.

மார்ச் 15

கட்டங்களை எண்ணத் தொடங்கினால் நிற்காது போலிருக்கிறது.

சுவீடனில் ரோசன்பெர்க் உண்டு. அங்கே லிண்ட்பெர்க், ஸ்ட்ரிண்ட்பெர்க் போல இயற்கைச் சொற்கள் இரண்டைக் கோக்கும் வழக்கம் நகர வணிகர், மதகுருக்கள் தொடங்கிப் பலரிடம் தானாகவே பரவியது. யூத ரோசன்பெர்க்கும் சுவீடிய ரோசன்பெர்க்கும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும், பட்டறைகள் மட்டும் வேறு.

எஸ்தோனியாவில் 1816, 1819 ஆண்டுகளில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் குடியானவர்களுக்கும் குடும்பப்பெயர் தேவைப்பட்டது. வழங்கியவர்கள் ஜெர்மன் பேசும் நிலக்கிழார்களும் பாதிரிமார்களும். எனவே ஜெர்மன் சொல் ஒன்றுகூடத் தெரியாத எஸ்தோனிய உழவர்கள் ஜெர்மன் பெயரோடு வீடு திரும்பினார்கள். 1930களில் பெருந்திரளாக அவற்றைக் கைவிட்டு எஸ்தோனியப் பெயர்களுக்கு மாறினார்கள். கலீசிய யூதருக்கும் எஸ்தோனிய உழவருக்கும் நேர்ந்தது ஏறத்தாழ ஒன்றே: எழுதுகோல் வைத்திருந்தவனின் மொழியில் பெயர் அமைந்தது. ரேவலில் பிறந்த நாஜி ரோசன்பெர்க்கின் முன்னோர் உண்மையில் யார் என்ற சர்ச்சை எழுந்ததற்கும் இந்தப் பின்னணிதான் காரணம். பால்டிக் கரையில் ஜெர்மன் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவரை ஜெர்மானியர் என்று சொல்லிவிட முடியாது.

உச்சியில் பிரபுக்கள். தென் பொஹீமியாவில் வல்ட்டாவா ஆற்றங்கரைக் கோட்டையின் பெயரைத் தாங்கிய ரோசன்பெர்க் வம்சம், செக் மொழியில் ரோஜம்பெர்க், வெள்ளிநிறக் கேடயத்தில் ஐந்திதழ்ச் சிவப்பு ரோஜாவைச் சின்னமாகக் கொண்டது. 15ஆம் நூற்றாண்டில் அவ்வம்சத்தின் ஓல்ட்ரிஹ், தம் குடும்ப உரிமைகளைப் பெருக்கிக்காட்டப் பட்டயங்களையே போலியாக எழுதச் செய்தவர். 1611-இல் பேட்ர் வோக் பிள்ளையின்றி இறந்ததோடு அது முடிந்தது. தென் ஆஸ்திரியாவின் கரிந்தியாவில் ஓர்சினி-ரோசன்பெர்க் என்ற வேறு பிரபுக் குடும்பம். அதில் ஃபிரான்ஸ் என்ற கோமகன் வியன்னாவின் அரசவை நாடக அரங்கை மோட்சார்ட் காலத்தில் நிர்வகித்தவர், இரண்டாம் யோசேப்பின் அணுக்க அதிகாரி. பேரரசர் காலையில் ஒரு ரோசன்பெர்க்கோடு இசை நாடகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் ஆணையின்படி கலீசியாவில் தையல்காரர்களும் சாராயக் கடைக்காரர்களும் ரோசன்பெர்க் ஆகிக்கொண்டிருந்தார்கள். கோமகன் இதைப் பற்றி என்ன நினைத்தார் என்று அறிய ஆசைப்படுகிறேன்.

மார்ச் 19

ஞாயிறன்று பிராங்க்பர்ட்டின் பியோர்னெபிளாட்ஸ் சதுக்கத்துக்குப் போனேன். பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தின் வெளிச்சுவர் நெடுக, நாஜிகள் காலத்தில் கொல்லப்பட்ட பிராங்க்பர்ட் யூதர்களுக்காக, 11,000-க்கும் மேற்பட்ட சிறு உலோகக் கட்டைகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுவரிலிருந்து விரல் நீட்டினாற்போல் வெளியே நிற்கிறது. பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கொண்டுசெல்லப்பட்ட முகாம். அகரவரிசை. ரோசன்பௌம்கள் முடிந்து ரோசன்பெர்க்குகள் தொடங்கின, பிறகு ரோசன்பிளாட், பிறகு நீண்ட தூரத்துக்கு ரோசன்தால். கட்டையின் மேல்விளிம்பில் யாரோ வைத்துப்போன கூழாங்கல் ஒன்று என் தோள் பட்டுக் கீழே விழுந்தது. எந்தக் கட்டையிலிருந்து விழுந்தது என்று தெரியாமல், அருகில் இருந்த ஒன்றின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

சுவரின் எதிரே நின்றபோது ஒன்று உறைத்தது. யூதர் யார் என்று கண்டுபிடிப்பதையே அரசின் முதல் வேலையாக வைத்திருந்த நாஜிகளால்கூடக் குடும்பப்பெயரை வைத்து அதைச் செய்ய இயலவில்லை. 1938 ஆகஸ்ட் 17 ஆணையின்படி, அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பெயரைக் கொண்டிராத யூத ஆண்கள் அனைவரும் இஸ்ரவேல் என்பதையும், பெண்கள் அனைவரும் சாரா என்பதையும், 1939 ஜனவரி 1 முதல் கூடுதல் பெயராகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே 1938-இன் அக்டோபரில் யூதர்களின் கடவுச்சீட்டில் யூதரைக் குறிக்கும் சிவப்பு 'J' எழுத்து விழுந்தது. ரோசன்பெர்க் என்ற பெயர் போதிய அடையாளமாக இருந்திருந்தால் இவற்றுக்குத் தேவையே இருந்திராது. ஆனால் அமைச்சரவையிலேயே ஒரு ரோசன்பெர்க் உட்காரவிருந்தார், 1941-இல் ஆக்கிரமிக்கப்பட்ட கிழக்குப் பகுதிகளின் அமைச்சராக.

அந்த ரோசன்பெர்க்கின் பெயரில் ஒரு கொள்ளைப் படை இயங்கியது, 1940 முதல். யூதர்களின் நூலகங்களையும் ஓவியங்களையும் அள்ளிச் செல்வதே அதன் வேலை. பாரிஸில் அவர்கள் சூறையாடியவற்றில் பிக்காசோ, மத்தீஸ், பிராக் ஆகிய ஓவியர்களின் வணிகரான பால் ரோசன்பெர்க்கின் சேகரிப்பும் அடங்கும். ரோசன்பெர்க் படை ரோசன்பெர்க்கைக் கொள்ளையடித்தது. லா போயெத்தீ தெருவில் 21ஆம் எண் கொண்ட அவர் வீட்டையும் பறித்து, அதில் யூத வெறுப்புப் பிரச்சார நிறுவனம் ஒன்றை நிறுவினார்கள். பால் 1940-லேயே நியூயார்க்குக்குத் தப்பியிருந்தார். அவர் மகன் அலெக்சாந்தர் விடுதலைப் பிரெஞ்சுப் படையில் அதிகாரி; 1944 ஆகஸ்டில் பாரிஸுக்கு வெளியே ஔல்னே நிலையத்தில் ஜெர்மனிக்குப் போகவிருந்த சரக்கு ரயிலை மறித்துப் பெட்டிகளைத் திறந்தபோது, தன் வீட்டுச் சுவரில் தொங்கிய ஓவியங்களே உள்ளே இருந்தன. எல்லாம் கிடைக்கவில்லை. மத்தீஸ் வரைந்த, அமர்ந்த பெண்ணின் ஓவியம் ஒன்று மியூனிக் வீடொன்றில் பதுக்கி வைத்திருந்த குவியலில் அகப்பட்டு, 2015-இல்தான் குடும்பத்திடம் வந்துசேர்ந்தது.

மார்ச் 20

'இவ்வளவு தெரிந்த நீங்கள் இதில் ஏமாந்ததே இல்லையா' என்று கேட்கிறார்கள். இந்த இழையில் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு முன்னும் ஒன்று உண்டு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு ரோசன்பெர்க் இருக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன், டிசம்பரில், மற்றவர்க்கெல்லாம் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அவரிடம் மட்டும் என் பரந்த அறிவைக் காட்டும் விதமாக, அந்தப் பருவத்தில் வரும் யூதப் பண்டிகையான ஹனுக்காவுக்கு வாழ்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, தாம் கத்தோலிக்கர் என்றும், இந்த வாழ்த்து தமக்குப் புதிதன்று என்றும் சொன்னார். பாட்டன் பாட்டி 1945-க்குப் பின் மேல் சிலேசியாவிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களாம்.

மார்ச் 23

அந்த அலுவலக நண்பரிடம் இந்த இழையில் உள்ளதை வாய்மொழியாகச் சொன்னேன். மறுநாள் ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அட்டையில் கழுகு. மூதாதையர் சான்றேடு, நாஜிகள் ஆட்சியில் ஒருவர் தம் ஆரிய வம்சத்தை மெய்ப்பிக்க வைத்திருந்த ஏடு. அவருடைய பாட்டனார் அரசுப் பணியில் இருந்தவர். மற்றவர்களும் இதை நிரப்பினார்கள், ஆனால் ரோசன்பெர்க் என்ற பெயரோடு இருந்தவர் அதிக அவசரத்தோடு நிரப்பினாராம். ஊர் ஊராகப் பங்குக் கோவில்களுக்குக் கடிதம் எழுதி, ஒவ்வொரு திருமுழுக்குக்கும் ஒவ்வொரு திருமணத்துக்கும் பாதிரியாரின் முத்திரை வாங்கியிருக்கிறார். ஊதா மை, சில பக்கங்களில் அடுத்த பக்கம்வரை ஊறியிருந்தது.

கடைசியாக நிரப்பியிருந்த கட்டத்தில் 1780களின் திருமுழுக்கு ஒன்று இருந்தது: ரோசன்பெர்க் என்ற குடும்பப்பெயர், தந்தை நெசவாளர். ஊர் எது என்று ஆவலோடு பார்த்தேன், ரோசன்பெர்க் நகரமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு. இல்லை, தெற்கே, ஓப்பெல்ன் பக்கத்துக் கிராமம் ஒன்று, நடந்து போனால் இரண்டு நாள் ஆகும் தொலைவு.